மருந்து வேண்டாம் என்று சொல்லும் வரைபடம்

ஆடித்தபசுக் காட்சியின்போது சங்கரன்கோவில் ரத வீதியில் நின்றவர்களுக்குத் தெரியும்: கூட்டத்துக்குள்ளிருந்து பருத்தியும் வத்தலும் நெல்லும் பறந்து வரும். காட்டிலும் வயலிலும் விளைந்ததைச் சாமிக்குச் சூறைவிடுவது இந்தச் சீமையின் வழக்கம். கோயிலுக்குள் போனால் நாகசுனை, புற்றுமண், நேர்ந்துகொண்டு செலுத்தப் பாம்பும் தேளும் அச்சடித்த தகடுகள். ஊர்வன, கடிப்பன எல்லாவற்றோடும் ஓர் உடன்படிக்கை வைத்திருக்கும் ஊர் இது. ஆனால், நெல்லைத் தாக்கும் புகையானுக்கும் குருத்துப்பூச்சிக்கும் தகடு விற்று நான் பார்த்ததில்லை. அவற்றுக்கான நேர்த்திக்கடன் மருந்துக்கடையில் செலுத்தப்படுகிறது.

கார்த்திகை கடைசி. பிசானப் பட்டத்துக்கு நட்ட நெற்பயிர் தூர் கட்டிக்கொண்டிருக்கும். நாலு நாள் சேர்ந்தாற்போல வெயில் தலைகாட்டாமல் மந்தாரம் போட்டால் போதும், கடை வாசலில் இரண்டு சக்கர வாகனங்கள் சேர்ந்துவிடும். “அண்ணாச்சி, வானம் மூடிக்கிட்டே கெடக்கு. ஒரு அடி அடிச்சிருவமா?” கடைக்காரர் அந்த வயலைப் பார்த்தவரில்லை, பார்க்க அவருக்கு நேரமும் கிடையாது. அலமாரியைப் பார்ப்பார். பூச்சிக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டானிக். கடனுக்கும் தருவார். அறுவடையில் கழித்துக்கொள்ளலாம்.

இதில் விவசாயியை விவரம் தெரியாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மந்தாரத்துக்கும் பூச்சிக்கும் தொடர்பு உண்டு என்று அவர் நினைப்பது சரி. பூச்சியியல் பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. அவரிடம் இல்லாதது ஒன்றுதான்: எத்தனை நாள் மந்தாரம், எவ்வளவு ஈரப்பதம், பயிருக்கு என்ன வயது, அதனால் இந்த வாரம் என் குளத்துப் பாசனத்தில் எந்தப் பூச்சிக்கு எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு. அந்தக் கணக்கைப் போடத் தேவையான கருவிகள் தமிழ்நாட்டுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கணக்குதான் வயலுக்கு வந்து சேரவில்லை.

ஒவ்வொரு பூச்சிக்கும் நோய்க்கும் தனித்தனி வானிலை பிடிக்கும். ஆனைக்கொம்பன் கொசு அளவே உள்ள ஓர் ஈ. முட்டையிலிருந்து வெளிவரும் புழு இலையிலிருந்து ஊர்ந்து குருத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்கு இலைமேல் ஈரப்பசை வேண்டும். தூறலும் மந்தாரமும் மாறி மாறி இருக்கும் நாட்களில் அதற்குப் பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. சில நாளில் நடுக்குருத்து வெங்காயத் தாளாக நீண்டுவிடும். அந்தத் தூரில் கதிர் வராது. குலைநோய்க்கு மழைகூட அவசியமில்லை. இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கி, இலைமேல் பனி பல மணி நேரம் காயாமல் நின்றால் அதன் வித்துகள் முளைத்துவிடும். மார்கழிப் பனி பெய்யும் பிசானப் பட்டத்துக்கு அது சொந்தக்காரன்.

புகையானின் கதை வேறு. இது மேலே தெரியாது; தூரடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாறு உறிஞ்சும். 25 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பம், காற்றோட்டம் இல்லாத புழுக்கம், நெருக்கி நட்ட பயிர், அளவுக்கு மிஞ்சிய யூரியா, இந்த நான்கும் ஒன்றுகூடினால் பெருகும். முட்டை ஒரு வாரம், குஞ்சு இரண்டு வாரம் என்று ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு தலைமுறை. பயிர் செழிப்பாக இருக்கும்போது குட்டை இறக்கையோடு பிறந்து அதே இடத்தில் பெருகும். சாறு வற்றியதும் நீண்ட இறக்கையோடு பிறந்து அடுத்த வயலுக்குப் பறக்கும். வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்துபோன பிறகுதான் பலர் கண்ணில் படும். புகை பிடித்ததுபோல் ஆகிவிடுவதைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பூச்சிக்கு நம்மைப் போல் உடம்புக்கென்று தனிச் சூடு கிடையாது. வெளியே இருப்பதுதான் உள்ளேயும். அதனால் ஒரு குறைந்தபட்ச அளவுக்கு மேல் ஒவ்வொரு நாளும் கிடைக்கும் வெப்பத்தை அது சிறுவாடு போலச் சேர்த்துவைக்கிறது. சேமிப்பு ஒரு தொகையை எட்டியதும் முட்டை பொரிகிறது, இன்னொரு தொகையை எட்டியதும் தோலுரிக்கிறது. பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1735-லேயே, பயிர் விளைவதைத் தினசரி வெப்பத்தைக் கூட்டிப் பார்த்துச் சொல்ல முடியும் என்று காட்டிவிட்டார். பூச்சிக்கும் அதே கூட்டல்தான். தினசரி உச்ச, குறைந்தபட்ச வெப்பநிலை கையில் இருந்தால், அடுத்த தலைமுறை எந்த வாரத்தில் தலையெடுக்கும் என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்லலாம்.

இதை வரைபடத்தில் ஏற்றுவதற்கு வானிலை மட்டும் போதாது. எங்கே நெல் நிற்கிறது, அதற்கு என்ன வயது என்பது தெரிய வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நெல் பரப்பையும் நடவு நாளையும் கணிக்கும் வேலையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்துடன் சேர்ந்து செய்து, பயிர்க் காப்பீட்டுக்கும் பயன்படுத்தியிருக்கிறது. வானிலை ஓர் அடுக்கு, பயிரின் வயது ஓர் அடுக்கு, ரகம் ஓர் அடுக்கு, முந்தைய ஆண்டுகளின் தாக்குதல் ஓர் அடுக்கு. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு படம் கிடைக்கும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

சங்கரன்கோவிலில் அது ஏன் எளிதில்லை என்பதற்கு இந்த மண்ணின் அமைப்பே சாட்சி. மேற்கே மலையடிவாரத்தில் புளியங்குடியும் வாசுதேவநல்லூரும் சிவகிரியும் எலுமிச்சையும் நெல்லுமாகக் குளிர்ந்து கிடக்கும். கிழக்கே வரவரக் கரிசல். மக்காச்சோளம், உளுந்து, பருத்தி என்று மானாவாரி. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று குற்றாலத்தில் சாரலாக இறங்கி, இங்கே வருவதற்குள் வெறுங்காற்றாகி, காற்றாலையைச் சுற்றிவிட்டுப் போகும். தாமிரவருணிப் பாசனத்துக்குக் கார், பிசானம் என்று இரண்டு பட்டம் இருக்கலாம். இங்கே குளம் நிறைந்தால்தான் நெல்; குளம் நிறைவது வடகிழக்குப் பருவமழையின் கையில்.

புளியங்குடிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையே நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைப் பதிவு வரைபடத்தில் ஒரு கட்டத்தின் பக்கம் கால் டிகிரி, அதாவது சுமார் 27 கிலோமீட்டர். மலையடிவாரத்தின் ஈரமும் கரிசலின் வறட்சியும் ஒரே கட்டத்துக்குள் கலந்து ஒரே எண்ணாக வெளிவந்துவிடக்கூடும். அந்தச் சராசரி வானிலை அடிவாரத்திலும் இருக்காது, கரிசலிலும் இருக்காது. இரண்டு வானிலை நிலையங்களுக்கு நடுவே இருக்கும் ஊருக்கு, இரண்டின் அளவையும் தூரத்துக்கேற்பப் பங்கிட்டுக் கணக்குப் போடுவார்கள். சமவெளியில் அது ஒப்பேறும். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கும் இடத்தில் அதை அப்படியே நம்புவது ஆபத்து.

உயரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தியாவில் வேளாண் வானிலையியலுக்கு 1932-ல் புணேயில் தனிப் பிரிவு தொடங்கியபோது அதைக் கட்டி எழுப்பியவர் பாலக்காட்டுக்காரரான எல்.ஏ. ராமதாஸ், சர் சி.வி. ராமனிடம் பயின்றவர். காற்றில்லாத தெளிந்த இரவில் மிகக் குளிர்ந்த காற்று தரையோடு ஒட்டி இருக்கும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். தரைக்குச் சில அங்குலம் மேலேதான் அது இருக்கிறது என்று அவர் அளந்து சொன்னார். முதலில் பலர் நம்பவில்லை. இன்று உலகம் அதை ‘ராமதாஸ் அடுக்கு’ என்று அவர் பெயராலேயே அழைக்கிறது. வானிலைப் பெட்டியில் வெப்பமானி நெஞ்சுயரத்தில் இருக்கிறது. புகையானோ முழங்காலுக்குக் கீழே, தண்ணீரும் நிழலும் சேர்ந்த இருட்டில் வாழ்கிறது. பெட்டி சொல்லும் ஈரப்பதமும் பூச்சி உணரும் ஈரப்பதமும் ஒன்றல்ல என்பதை வரைபடம் போடுகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தானியங்கி வானிலை நிலையங்களை அமைத்தது. பல மாநிலங்களில் இல்லாத வசதி இது, பாராட்ட வேண்டும். தென்காசி மாவட்டத்தில் வட்டாரங்கள் பத்து. அதற்கு மேல், 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 வானிலை நிலையங்களும் அமைக்கும் பணியை மாநில அரசு பேரிடர் மேலாண்மைக்காகக் கையில் எடுத்தது. வெள்ளத்துக்காக வைத்த மழைமானி புகையானுக்கும் உதவும். இரண்டு துறைகளும் தங்கள் தரவை ஒரே இடத்தில் கொட்ட வேண்டும், அவ்வளவுதான். நம் ஊரில் ‘அவ்வளவுதான்’ என்பது எவ்வளவு பெரிய வேலை என்று அரசு அலுவலகப் படி ஏறியவர்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒன்றிய அரசின் ஒரு முடிவையும் சொல்லியாக வேண்டும். வாரந்தோறும் செவ்வாய், வெள்ளி ஆகிய இரண்டு நாட்களில் வேளாண் வானிலை அறிக்கை வெளிவருகிறது. மாவட்ட அளவிலிருந்து வட்டார அளவுக்கு அதை இறக்குவதற்காக நாடு முழுவதும் 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் வேளாண் அறிவியல் நிலையங்களில் தொடங்கப்பட்டன. 2024-ல் அவை மூடப்பட்டன. தரவு தானாகவே வருகிறது, கணினியே அறிக்கை எழுதிவிடும் என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருந்திருக்கலாம். ஆனால், ‘அடுத்த ஐந்து நாட்களுக்கு லேசான மழை’ என்ற வரியை ‘அம்பை 16 நட்டு நாற்பது நாள் ஆன வயலில் யூரியாவைத் தள்ளிப்போடுங்கள்’ என்று மாற்றிச் சொல்ல உள்ளூர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் வேண்டாம் என்றார்கள். தவறான முடிவு.

அதே 2024-ன் சுதந்திர தினத்தன்று தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பு என்ற செயலி அறிமுகமானது. பூச்சியைப் படம் பிடித்து அனுப்பினால் செயற்கை நுண்ணறிவு அதன் பெயரையும் மருந்தையும் சொல்லும். நல்லதே. ஆனால், படம் பிடிக்கும் அளவுக்குப் பூச்சி கண்ணில் பட்ட பிறகு கிடைக்கும் யோசனை அது. புகையான் விஷயத்தில் கண்ணில் பட்ட பிறகு என்றால் பெரும்பாலும் தாமதம். முன்னறிவிப்பு என்பது வேறு வேலை.

மகாராஷ்டிரத்தில் 2008-ல் சோயா மொச்சையைப் புழு தின்று தீர்த்தது. அடுத்த ஆண்டே அந்த மாநிலம் ஒரு பயிர்ப் பூச்சிக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கிராமங்களுக்கு ஆட்களை நியமித்தார்கள். குறிப்பிட்ட வயல்களில் வாராவாரம் அதே நாளில் போய் எண்ணினார்கள். எண்ணியது கணினிக்குப் போனது, வல்லுநர்கள் பார்த்தார்கள், எந்தத் தாலுகாவில் பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டியிருக்கிறதோ அங்கிருக்கும் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி போனது. அதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. வயலில் இறங்கி எண்ணியதுதான் அதன் உயிர். வானிலைத் தரவை மட்டும் வைத்துப் போடும் வரைபடம், சாமியாடி சொல்லும் குறி மாதிரி, பலித்தாலும் பலிக்கும். பலித்ததா என்று சோதித்துப் பார்க்க வயல் கணக்கு வேண்டும்.

நம் வேளாண்மைத் துறையும் எண்ணாமல் இல்லை. நிலையான வயல்களில் ஆய்வு, சுற்று ஆய்வு, விளக்குப்பொறி என்று எல்லாம் நடைமுறையில் உண்டு. உதவி வேளாண்மை அலுவலர்கள் மேலே அனுப்புகிறார்கள். மேலே போன எண்ணிக்கை, கீழே வரும்போது மாவட்டம் முழுமைக்கும் பொதுவான ஒரு பத்திரிகைக் குறிப்பாக வருகிறது: புகையான் தென்பட்டால் இன்ன மருந்தை ஏக்கருக்கு இன்ன அளவு தெளிக்கவும். குற்றாலத்துக்கும் குருவிகுளத்துக்கும் ஒரே குறிப்பு.

புகையானைப் பொறுத்தவரை மருந்தே நோயாகிவிடும் என்பதை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1970-களில் இந்தோனேசியாவில் அரசே மானியம் கொடுத்து மருந்தடிக்கச் சொன்னது. புகையான் அழிவதற்குப் பதிலாகப் பெருகியது. காரணம் எளிது: மருந்து தூரடிக்குப் போய்ச் சேரவில்லை, இலைமேல் இருந்த சிலந்தியையும் புகையானின் முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் மிரிட் பூச்சியையும் கொன்றது. எதிரி இல்லாத வயலில் புகையான் ராஜாவானது. 1986-ல் அதிபர் சுகார்த்தோ ஒரே ஆணையில் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தார். வயலிலேயே விவசாயிகளை உட்காரவைத்துப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் அங்கே பரவின. நெல் விளைச்சல் சரிந்துவிடவில்லை.

ஜப்பான்காரர்களுக்குப் புகையான், வெண்முதுகுத் தத்துப்பூச்சி வகையறாக்களோடு இன்னும் பழைய பகை. 1732-ல் இந்தத் தத்துப்பூச்சிகளால் மேற்கு ஜப்பானில் பெரும் பஞ்சமே வந்தது. குளிர்காலத்தில் அங்கே இவை உயிரோடு இருக்க முடியாதே, ஆண்டுதோறும் எங்கிருந்து வருகின்றன என்று நெடுங்காலம் குழம்பினார்கள். 1967-ல் பசிபிக் பெருங்கடலில் நின்றிருந்த ஒரு வானிலைக் கப்பலைத் தத்துப்பூச்சிக் கூட்டம் வந்து மொய்த்தபோது விடை கிடைத்தது: காற்றில் கடல் தாண்டி வருகின்றன. அதிலிருந்து காற்றின் திசையைக் கணக்கிட்டுப் பூச்சி வரும் நாளைச் சொல்லத் தொடங்கினார்கள். நமக்குக் கடல் தாண்டிய விருந்தாளி தேவையில்லை. பூச்சி ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கிறது. ஒரே குளத்துப் பாசனத்தில் முன்மடை நட்டு ஒரு மாதம் கழித்துக் கடைமடை நட்டால், முன்னது முற்றியதும் பின்னதற்குத் தாவும். நம் வரைபடத்துக்குக் காற்றைவிட நடவுத் தேதி முக்கியம்.

சரி, வரைபடம் வந்தால் என்ன சொல்ல வேண்டும்? இங்கேதான் நான் பெரும்பாலான திட்ட அறிக்கைகளோடு மாறுபடுகிறேன். எல்லோரும் எச்சரிக்கையைப் பற்றியே பேசுகிறார்கள். சிவப்பு வட்டத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். என் கணக்கில் அந்தப் படத்தின் பெரும்பயன் பச்சை நிறத்தில்தான் இருக்கிறது. இந்த வாரம் இந்தக் குளத்துப் பாசனத்தில் மருந்து வேண்டாம் என்று துணிந்து சொல்லும் பச்சை. ஒரு பட்டத்தில் பெரும்பாலான வாரங்களில், பெரும்பாலான வயல்களில் பூச்சி சேத நிலையை எட்டுவதில்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையே சிலந்தியையும் கணக்கில் சேர்க்கிறது: தூருக்கு ஒரு புகையான் இருந்தால் கவனிக்க வேண்டும், குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். மருந்துக்கடையில் இந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை.

‘மருந்து அடி’ என்று சொல்வது அதிகாரிக்குச் சுலபம். அடித்துப் பூச்சி போனால் பேர், போகாவிட்டால் ‘தாமதமாக அடித்தீர்கள்’. செலவு விவசாயியுடையது. ‘அடிக்க வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பிறகு ஒரு வயல் தீய்ந்துவிட்டால், மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் அந்த அலுவலர் நிற்க வேண்டியிருக்கும். அதனால் நம் அறிக்கைகள் எல்லாமே எச்சரிக்கையின் பக்கம் சாய்ந்தே எழுதப்படுகின்றன. மூன்று முறை பொய்யாக எச்சரித்தால் நான்காவது குறுஞ்செய்தியை யாரும் திறக்க மாட்டார்கள். அதற்கும் மருந்துண்டு. சென்ற வாரம் சொன்னோம், எத்தனை இடத்தில் பலித்தது, எத்தனை இடத்தில் தப்பியது என்று அறிக்கையோடு சேர்த்தே வெளியிட வேண்டும். கைதேர்ந்த வைத்தியர் தப்பியதையும் சொல்வார். அலுவலரைக் காப்பாற்ற அரசாணை வேண்டும்: அன்றைய தரவின்படி நேர்மையாகச் சொன்ன யோசனைக்காக எவரும் தண்டிக்கப்பட மாட்டார் என்று.

புவி சூடாவது இதை இன்னும் அவசரமாக்குகிறது. 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, உலகச் சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நெல், மக்காச்சோளம், கோதுமை ஆகியவற்றில் பூச்சியால் வரும் இழப்பு 10 முதல் 25 விழுக்காடு வரை கூடலாம் என்று கணித்தது. வெப்பநாடுகளின் நெல்லுக்கு அந்தப் பாதிப்பு குறைவாகவே இருக்கும் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. நமக்கான கேள்வி கூடுமா குறையுமா என்பதைவிட, பழக்கப்பட்ட மாதத்தில் பழக்கப்பட்ட பூச்சி வருமா என்பதுதான். பாட்டன் சொன்ன பட்டக் கணக்கு பிசகும்போது அளவெடுத்த கணக்கு கைகொடுக்க வேண்டும்.

சங்கரன்கோவிலில் இதைத் தொடங்கப் பெரிய முதலீடு தேவையில்லை. அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தப் பக்கத்து வயல்களில் நிற்கும் ‘அம்பை’ ரகங்களுக்குப் பெயர் வைத்ததே அதுதான். கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் படிக்கும் காலம் பாடத்திட்டத்திலேயே உண்டு. ஆளுக்கு ஒரு குளத்துப் பாசனம், வாரத்துக்கு ஒரு நாள், இருபது குத்து எண்ணினால் போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வயலில் பூச்சியை முதலில் பார்ப்பது களையெடுக்கும் பெண்கள். குனிந்து நிற்கிறவர்களுக்குத்தான் தூரடி தெரியும். வரப்பில் நிற்கும் நில உடைமையாளரிடம் கேட்டு நிரப்பும் படிவத்தைவிட, அந்தப் பெண்களிடம் கேட்டு எழுதும் ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். அவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கொடுங்கள்.

மழைமானி இல்லாத பெரிய குளங்களின் மதகடியில் ஒரு மழைமானியும், பயிருக்கு உள்ளேயே ஈரப்பதம் அளக்கும் ஒரு சிறு கருவியும், ஊருக்கு ஒரு விளக்குப்பொறியும் போதும். இடைவெளிப் பட்டம் விட்டு நடுவதும் யூரியாவைப் பிரித்துப் போடுவதும் தண்ணீரை வடித்துப் பாய்ச்சுவதும் தெரிந்த சங்கதிகள்தான். எந்த வாரத்தில் செய்ய வேண்டும் என்பதை மட்டும் வரைபடம் சொல்லட்டும். படத்தைச் செயலியில் மட்டும் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. அரசின் ‘உழவன்’ செயலியைத் திறக்கத் தெரிந்தவர் உண்டு, தெரியாதவரும் உண்டு. மருந்துக்கடைக்கு எல்லோரும் வருகிறார்கள்.

ஆகவே தென்காசி மாவட்ட நிர்வாகத்துக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற பிசானத்துக்கு நாற்றுப் பாவும் நாளிலிருந்து அறுவடை வரை, சங்கரன்கோவில் வட்டாரத்தின் ஒவ்வொரு குளத்துப் பாசனத்துக்கும் வாரம் ஒருமுறை மூன்றே நிறத்தில் ஒரு தாளை அச்சடியுங்கள். ஊராட்சி அலுவலகத்தில் ஒன்று, நெல் கொள்முதல் நிலையத்தில் ஒன்று ஒட்டுங்கள். மூன்றாவதை உரிமம் பெற்ற ஒவ்வொரு மருந்துக்கடையின் கல்லாவுக்கு மேலே, வாங்குகிறவர் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டச் சொல்லி உத்தரவு போடுங்கள்.